பால்மொரே ஊற்றுக்குளம்: பாஸ் எடுப்பதிலிருந்து திரும்பி வரும்வரை முழுமையான வழிகாட்டி

மேற்கு டெக்சாஸின் வறண்ட நிலத்தில், டேவிஸ் மலைகளின் அடிவாரத்தில், சான் சாலமன் ஊற்றுகள் நேராக ஒரு பெரிய குளத்துக்குள்ளேயே பொங்குகின்றன. அதுதான் பால்மொரே ஸ்டேட் பார்க். நடுவில் 25 அடி ஆழம், அடித்தரை வரைக்கும் தெரியும் தண்ணீர், குளோரின் கிடையாது. டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கமிருந்து நம் குடும்பங்கள் நிறைய போகின்றன. நாள் முழுக்க வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, உள்ளே போக முடியாமல் வாசலோடு திரும்புகிறவர்களையும் அங்கே பார்க்கலாம், அதுதான் என்னை இதை எழுத வைத்தது. பெரும்பாலும் தவறு ஏற்பாட்டில் இல்லை, ஏற்பாடு செய்த வரிசையில்தான் இருக்கிறது. அதனால் கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் டே பாஸ், அப்புறம்தான் மற்றதெல்லாம்

ஹோட்டல் போடுவது, லீவு சொல்வது, நண்பர்களைக் கூப்பிடுவது எல்லாம் இதற்குப் பிறகுதான். குளம் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது (படி 2) மட்டும் இதற்கு முன். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துத்தான் உள்ளே விடுகிறார்கள், அந்த இடங்கள் கோடைக்கால வீக்கெண்டில் முன்கூட்டியே தீர்ந்துவிடும். டெக்சாஸ் ஸ்டேட் பார்க்ஸ் ரிசர்வேஷன் தளத்தில் 30 நாள் முன்பிருந்தே டே பாஸ் எடுக்கலாம். சனிக்கிழமைதான் போக முடியும் என்றால் அந்த 30ஆவது நாளை காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு அன்றே எடுத்துவிடுங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு ஆளுக்கு 7 டாலர், 12 வயது வரை குழந்தைகளுக்கு இலவசம். ஆனால் எண்ணிக்கை போடும்போது குழந்தைகளையும் சேர்த்தே போடுங்கள். இலவசம் என்பது கட்டணத்துக்குத்தான், உள்ளே நிற்கிற இடத்துக்கு அவர்களும் ஓர் ஆள்தான்.

பலர் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ஆண்டுக்கு 70 டாலர் கட்டி ஸ்டேட் பார்க்ஸ் பாஸ் வாங்கி வைத்திருப்பார்கள், அது இருந்தால் போதும் என்று கிளம்பிவிடுவார்கள். அந்த ஆண்டு பாஸ் உங்கள் நுழைவுக் கட்டணத்தைத்தான் தள்ளுபடி செய்யும், அன்றைக்கு உங்களுக்கு இடம் பிடித்து வைக்காது. ஆண்டு பாஸ் இருந்தாலும் டே பாஸ் தனியாக ரிசர்வ் செய்ய வேண்டும்.

2. தேதியை உறுதி செய்யும் முன் குளம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

பார்க் திறந்திருந்தால் குளமும் திறந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை, வழக்கமாக மே மாதத்தில், தண்ணீரை இறக்கிவிட்டுக் குளத்தைச் சுத்தம் செய்கிறார்கள். குளோரின் இல்லாததால் பாசி படியும், அதைத் தேய்த்து எடுத்தே ஆக வேண்டும். 2018 மே மாதம் இப்படிச் சுத்தம் செய்தபோதுதான் சுவரில் சேதம் தெரியவந்து, குளம் 2019 மார்ச் வரை மூடிக் கிடந்தது. அதனால் பார்க்கின் பக்கத்தில் இருக்கும் அறிவிப்புகளை டே பாஸ் எடுக்கும் முன் ஒருமுறை, கிளம்புவதற்கு முந்தைய நாள் இன்னொருமுறை படித்துவிடுங்கள்.

எந்த மாதம் நல்லது என்று கேட்டால், என் தேர்வு செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை, அதுவும் வார நாளில். தண்ணீர் ஆண்டு முழுவதும் 72 முதல் 76 டிகிரிக்குள்தான் இருக்கும், அதாவது ஏறக்குறைய 22 முதல் 24 செல்சியஸ். நிலத்தடியிலிருந்து வருவதால் வெளியே 100 டிகிரி அடித்தாலும் பனி கொட்டினாலும் அதற்கு ஒன்றுதான். ஆகவே கோடைக்குப் போனால் தண்ணீர் சூடாக இருக்கும் என்ற எண்ணம் இங்கே செல்லாது. கோடையில் கூடுவது கூட்டம் மட்டும்தான். பள்ளி விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை என்கிறவர்கள் செவ்வாய், புதன் பாருங்கள்.

குளிர்காலத்திலும் நீந்தலாம், தண்ணீருக்குள் சுகமாகவே இருக்கும். ஆனால் வெளியே வந்து காரை அடையும் வரை அந்தப் பாலைவனக் காற்று படுத்தும் பாடு சாதாரணமில்லை. சின்னக் குழந்தைகளோடு வேண்டாம்.

3. இப்போது தங்கும் இடம்

பார்க்குக்குள்ளேயே சான் சாலமன் ஸ்பிரிங்ஸ் கோர்ட்ஸ் என்ற பழைய பாணி அறைகளும் முகாம் இடங்களும் உண்டு. இவற்றை 5 மாதம் முன்பிருந்தே பதிவு செய்யலாம். உள்ளே இரவு தங்குபவர்களுக்கு டே பாஸ் தனியாகத் தேவையில்லை (நுழைவுக் கட்டணம் உண்டு), ஆகவே உள்ளே தங்க நினைப்பவர்கள் மட்டும் இதை முதலில் பாருங்கள், அறை கிடைத்தால் முதல் படி தானாகத் தீர்ந்துவிடும். கிடைப்பதுதான் கஷ்டம்.

இல்லையென்றால் ஃபோர்ட் டேவிஸ், ஃபோர்ட் ஸ்டாக்டன், பேக்கஸ் மூன்றும் ஒரு மணி நேரத்துக்குள். நான் சொல்வது ஃபோர்ட் டேவிஸ், மலைப்பாதை அழகானது, இரவில் குளுமை. பேக்கஸ் எண்ணெய் வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஊர், வேலைக்கு வருபவர்களால் வார நாளில் அறை வாடகை எகிறிக் கிடக்கலாம்.

4. பையில் என்ன வைக்க வேண்டும், ஏன்

தண்ணீருக்குள் பார்க்க உதவும் மாஸ்க்கும், மூச்சுவிட உதவும் குழாயான ஸ்நார்க்கலும்தான் முதலில். இது இல்லாமல் போனால் நீங்கள் பார்ப்பது ஒரு பெரிய நீச்சல்குளம், அவ்வளவுதான். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தால்தான் அடியில் மணல் கொதிப்பது மாதிரி ஊற்று பொங்குவதும், கெளுத்தி மீன்கள் பாறை நிழலில் நகர்வதும் தெரியும். ஆளுக்கு ஒன்று வாங்க முடியாவிட்டாலும் இரண்டு பேருக்கு ஒன்றாவது வேண்டும். வாங்கியதை வீட்டிலேயே முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுத்துப் பாருங்கள், வார் போடாமலே ஒட்டிக்கொண்டால்தான் அளவு சரி. அங்கே போய்ப் பெட்டியைப் பிரித்தால், தண்ணீர் உள்ளே வருகிற மாஸ்க்கோடு நாள் முழுக்க மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

உடை பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசலாம். நம் வீடுகளில் நீச்சலுடைக்குத் தயங்கி, பருத்தி டி-ஷர்ட், சுடிதார், லுங்கி, ஜீன்ஸ் என்று இறங்குவது சகஜம். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும், கையையும் காலையும் இழுக்கும், ஆழத்தில் அது நிஜமான ஆபத்து. கரையேறிய பிறகும் சீக்கிரம் காயாது, குளிரெல்லாம் உடம்பில் ஏறும். முழுக்கை வைத்த நீச்சல் சட்டையும் முழங்கால் அல்லது கணுக்கால் வரை வரும் நீச்சல் லெக்கிங்ஸும் கடைகளில் எல்லா அளவிலும் கிடைக்கின்றன. உடம்பை மறைக்கும், வெயிலையும் தடுக்கும், தண்ணீரில் கனக்காது. துப்பட்டாவைக் கரையிலேயே விட்டுவிடுங்கள்.

அப்புறம், தண்ணீரில் போடும் ரப்பர் செருப்பு. படிகளில் பாசி இருக்கும், வெறும் காலோடு போகிறவர்கள் வழுக்குவது இங்கே அன்றாடக் காட்சி. ஹவாய் செருப்பு போதாது, காலை விட்டுக் கழன்று மிதந்துவிடும்.

நீச்சல் தெரியாத ஒவ்வொருவருக்கும், வயது பார்க்காமல், லைஃப் ஜாக்கெட். அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கீகாரம் என்று உள்ளே அச்சிட்டிருக்க வேண்டும். கையில் மாட்டும் காற்றுப் பட்டைகள் விளையாட்டுப் பொருள், அதை நம்பிப் பிள்ளையை விடாதீர்கள்.

மற்றவை: ஆளுக்கு இரண்டு துண்டு, தொப்பி, மாற்று உடை, குடிதண்ணீர் தாராளமாக, நிழலுக்குச் சின்னக் கூடாரம் அல்லது பெரிய குடை. மர நிழலுக்குப் போட்டி அதிகம். கண்ணாடி பாட்டில் எதுவும் வேண்டாம், ஊறுகாய் பாட்டில் உட்பட. ஒன்று உடைந்தால் அத்தனை பேரும் வெறுங்காலோடு நடக்கிற இடத்தில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

5. வண்டி ஓட்டும் நாள்

சான் அன்டோனியோவிலிருந்து ஐந்தரை மணி நேரம், ஆஸ்டினிலிருந்து ஆறு, டாலஸிலிருந்து ஏழு, ஹூஸ்டனிலிருந்து எட்டுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள், இது நிற்காமல் ஓட்டினால். குழந்தைகள் இருந்தால் இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் போய், நீந்தி, திரும்புகிற திட்டம் எல் பாஸோக்காரர்களுக்கு மட்டும்தான் சரிப்படும். மற்றவர்கள் முந்தைய நாளே பக்கத்து ஊருக்கு வந்து தூங்கி, காலையில் குளத்துக்குப் போங்கள். நீந்திய களைப்போடு ராத்திரி ஐ-10 நெடுஞ்சாலையில் ஓட்டுவதைத் தவிர்க்கத்தான் இந்தப் படி. அங்கே பல இடங்களில் வேகவரம்பு 80 மைல், இருட்டத் தொடங்கினால் மான்கள் சாலைக்கு வரும்.

எல் பாஸோவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று: நீங்கள் மவுண்டன் நேரத்தில் இருக்கிறீர்கள், பார்க் சென்ட்ரல் நேரத்தில். வழியில் ஒரு மணி நேரம் காணாமல் போகும். மூன்று மணி நேரப் பயணம் கடிகாரத்தில் நான்கு.

பெட்ரோலை ஃபோர்ட் ஸ்டாக்டனில் நிரப்பிவிடுங்கள், பாதி டேங்க் இருந்தாலும் சரி. மேற்கே போகப் போக கேஸ் ஸ்டேஷன்களுக்கு இடையே தூரம் கூடிக்கொண்டே போகும். டாலஸ் பக்கமிருந்து ஐ-20இல் வந்தால் ஒடெஸா அல்லது பேக்கஸ்.

மேப்பில் 'பால்மொரே' என்று மட்டும் போட்டால் அது உங்களை ஊருக்குள் கொண்டுபோய் நிறுத்தும். பார்க் அங்கிருந்து நான்கு மைல் தள்ளி டோயாவேலில் இருக்கிறது. பால்மொரே ஏரி என்று இன்னொன்றும் உண்டு, அது வேறு இடம். 'ஸ்டேட் பார்க்' என்று முழுசாகப் போட்டு, மேப்பை ஆஃப்லைனில் சேமித்துக்கொள்ளுங்கள். போனில் சிக்னல் வந்து வந்து போகும். இதே காரணத்துக்காக டே பாஸ் உறுதிச் செய்தியையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். வாசலில் நின்றுகொண்டு மின்னஞ்சல் திறக்கவில்லை என்று தவிப்பவர்கள் பின்னால் நிற்கும் வண்டிகளையும் சேர்த்துத்தான் தவிக்க வைக்கிறார்கள்.

6. காலை 8 மணிக்கு வாசலில் இருங்கள்

இதற்குக் காரணங்கள் மூன்று. நிழல் இடமும் மேசையும் முதலில் வருகிறவர்களுக்குத்தான். காலையில் யாரும் கலக்காத தண்ணீரில்தான் அடிவரை பளிச்சென்று தெரியும், மதியத்துக்குள் அத்தனை கால்களும் வண்டலைக் கிளப்பிவிடும். மூன்றாவது, கோடையில் பிற்பகல் இடிமழை. மின்னல் தெரிந்தாலோ இடி கேட்டாலோ உடனே தண்ணீரைவிட்டு வெளியேற வேண்டும், அதற்குள் உங்கள் நீச்சலை முடித்திருப்பீர்கள்.

உள்ளே போனதும் நேராகத் தண்ணீருக்குப் போகாதீர்கள். முதலில் குடும்பம் முழுவதும் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நடுவில் ஊற்றுகளுக்கு மேலே பெரிய வட்டப் பகுதி, அதுதான் ஆழம், தரை இயற்கையான கல்லும் மணலும். அதிலிருந்து பிரிந்து போகும் கரங்களில் ஆழம் குறைவு, தரை சிமெண்ட். எங்கே ஆழம் தொடங்குகிறது, எந்தப் படியில் ஏறலாம் என்று பிள்ளைகளுக்கு விரலால் காட்டிவிடுங்கள். இங்கே உயிர்காப்பாளர் கிடையாது. இந்தச் சுற்றுக்குப் பத்து நிமிடம்தான் ஆகும், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

7. தண்ணீரில் இறங்குவது

முதலில் குளியலறையில் உடம்பை நன்றாக அலசுங்கள். தலையில் தேங்காய் எண்ணெய், உடம்பில் சன்ஸ்க்ரீன், சென்ட் எல்லாம் நேராக மீன்களின் வாயில் போகும். முழுக்கை உடை போட்டால் சன்ஸ்க்ரீன் தேவையும் பாதியாகக் குறையும். முகத்துக்கும் கழுத்துக்கும் போட்டே ஆக வேண்டுமென்றால் அரை மணி நேரம் முன்பே போட்டு ஊறவிடுங்கள்.

அடுத்து, ஆழம் குறைந்த கரத்தில் படி வழியாக மெதுவாக இறங்குங்கள். 74 டிகிரி என்று கேட்க இதமாக இருக்கும், ஆனால் 100 டிகிரி வெயிலில் காய்ந்த உடம்பு திடீரென்று அதில் விழுந்தால் மூச்சு ஒரு நொடி திக்கும். அந்த நொடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுப்பீர்கள். இடுப்பு, மார்பு, பிறகு முகம் என்று பழகிக்கொண்டு, மாஸ்க் சரியாக ஒட்டுகிறதா என்று நிற்கிற இடத்திலேயே பார்த்த பிறகு வட்டத்துக்குப் போங்கள்.

இனி முக்கியமானது. இந்தத் தண்ணீரின் தெளிவு கண்ணை ஏமாற்றும். மேலிருந்து பார்க்கும்போது தண்ணீருக்குள் இருப்பது உண்மையான ஆழத்தில் முக்கால் பங்கில் இருப்பது போலத் தெரியும், ஒளி வளைவதால். 25 அடி உங்களுக்கு 19 அடியாகவும், எட்டு அடி ஆறாகவும் தோன்றும். 'இங்கே கால் எட்டும்' என்று கண்ணளவில் முடிவு செய்து இறங்கி, எட்டாமல் தத்தளிப்பவர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள்தான். கண்ணை நம்பாதீர்கள், குளத்தைச் சுற்றிப் போட்டிருக்கும் ஆழக் குறிகளை நம்புங்கள்.

மூழ்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், ஆறேழு அடியிலேயே காது அழுந்தத் தொடங்கும்போது மூக்கைப் பிடித்து லேசாக ஊதி அழுத்தத்தைச் சமன் செய்யுங்கள். வலித்தால் மேலே வந்துவிடுங்கள், அழுத்திக்கொண்டு கீழே போகக் கூடாது. மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்துவிடுகிற பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடைக் குறைத்துவிடும், மூச்சு வேண்டும் என்று உடம்பு கேட்பதற்குள் மயக்கம் வந்துவிடும். நல்ல நீச்சல்காரர்களே இப்படிப் போயிருக்கிறார்கள். தனியாக மூழ்க வேண்டாம், மேலே ஒருவர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

8. குழந்தைகள், அப்பா அம்மா

பத்துப் பதினைந்து பேர் கூட்டமாகப் போனால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைப்பார்கள், கடைசியில் யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் முறை வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்கு ஒரு பெரியவர், போனைப் பைக்குள் போட்டுவிட்டு, பிள்ளைகளை மட்டும் பார்க்க வேண்டும். முறை மாறும்போது வாயால் சொல்லி மாறுங்கள். மூழ்குகிற குழந்தை கத்தாது, கை தட்டாது. சத்தமே இல்லாமல் நடந்துவிடும், காது கொடுத்துக் காப்பாற்ற முடியாது.

உதடு நீலமாகத் தெரிந்தாலோ பல் கிட்டித்தாலோ வெளியே எடுத்துத் துடைத்து, வெயிலில் உட்கார வைத்து ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். 74 டிகிரித் தண்ணீர் உடம்பிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், சின்ன உடம்பில் அது சீக்கிரம் தெரியும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள், அவர்களை நாள் முழுக்கக் குடைக்கடியில் உட்கார வைத்துவிடாதீர்கள். ஆழம் குறைந்த பக்கம் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டால் போதும், குட்டி மீன்கள் வந்து பாதத்தைக் கொறிக்கும். குளத்துக்கு வெளியே மீட்டெடுக்கப்பட்ட சதுப்பு நிலம் ஒன்று உண்டு, பறவைகளும் ஆமைகளும் அங்கே. காலை நேரம் நடக்க நல்ல இடம். அவர்களுக்குப் பிடிக்காமல் இருக்காது.

9. மீனுக்குச் சோறு போடாதீர்கள்

குளத்தில் பொரி போடுவது நமக்குப் புண்ணியம். இங்கே அது கேடு. கமான்சி ஸ்பிரிங்ஸ் பப்ஃபிஷ் என்ற சின்ன மீன் ஒன்று இந்தத் தண்ணீரில் இருக்கிறது. இதன் பேரில் இருக்கும் ஊற்று ஃபோர்ட் ஸ்டாக்டனில் இருந்தது. நிலத்தடி நீரைப் பம்ப் போட்டு இறைத்ததில் அந்த ஊற்று வற்றி, மீனும் அங்கே அழிந்துபோனது. இன்று காட்டுச் சூழலில் அது பிழைத்திருப்பது பால்மொரேயைச் சுற்றிய ஊற்றுகளிலும் அவற்றின் வாய்க்கால்களிலும்தான். பேக்கஸ் காம்பூசியா என்ற இன்னொரு சின்ன மீனும் இங்கே உண்டு, அதுவும் அழியும் ஆபத்தில்தான் இருக்கிறது. நீங்கள் போடும் சோறு தண்ணீரைக் கெடுக்கும், பெரிய மீன்களை ஓரிடத்தில் கூட்டும், இந்தச் சின்னவற்றுக்கு அதுவே போதும் ஆபத்து.

நாளொன்றுக்கு ஒன்றரைக் கோடி கேலன், அதாவது ஏறக்குறைய ஐந்தரைக் கோடி லிட்டருக்கு மேல், இந்தக் குளத்தின் வழியாக ஓடி வெளியேறி, வாய்க்கால் வழியே வயல்களுக்குப் பாய்கிறது. குளோரின் இல்லாமலே குளம் சுத்தமாக இருப்பது இந்த ஓட்டத்தால்தான். டயப்பர் கழன்றால், பிள்ளை தண்ணீரிலேயே ஒன்றுக்குப் போனால், அதுவும் அதே வழியில்தான் போகும். மணிக்கொரு முறை குழந்தைகளைக் கழிவறைக்குக் கூட்டிப்போங்கள்.

மீனைப் பிடித்து பாட்டிலில் போட்டுக் காட்டுவது, கல்லைப் புரட்டுவது, கல் எடுத்து வருவது எல்லாமும் இதில் அடங்கும்.

10. சாப்பாடு

வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். பக்கத்து ஊர் மிகச் சிறியது, கடையோ ஹோட்டலோ திறந்திருக்கும் என்று நம்பி ஒரு கூட்டத்தோடு போக முடியாது, சைவம் என்றால் இன்னும் கஷ்டம். புளியோதரையும் சப்பாத்தியும் தாங்கும். தயிர்சாதம் கட்டாயம் ஐஸ் போட்ட கூலரில் இருக்க வேண்டும், அந்த வெயிலில் கார் டிக்கியில் வைத்தது மதியத்துக்குள் புளித்துப் பொங்கிவிடும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே ஆழத்துக்குப் போகாதீர்கள். மது வெளியிடத்தில் அருந்தத் தடை.

11. கிளம்பும்போது

மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாரையும் கரையேற்றுங்கள். உடை மாற்றும் இடத்தில் கடைசி நேரத்தில் வரிசை நிற்கும், ஈர உடையோடு ஏசி காரில் ஏறினால் பிள்ளைகளுக்கு ராத்திரியே சளி பிடித்த மாதிரி நடுக்கம். மாஸ்க், செருப்பு, லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி முழுக்கக் காயவையுங்கள். வேறு ஏரிக்கோ ஆற்றுக்கோ கொண்டுபோகும் முன் இது அவசியம், ஈரத்தில் ஒட்டியிருக்கும் நத்தை முட்டையும் பாசியும் ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்கு இப்படித்தான் பயணம் செய்கின்றன. இங்கே வரும்போதும் காய்ந்த பொருட்களையே கொண்டுவாருங்கள்.

அன்றிரவு ஃபோர்ட் டேவிஸில் தங்கினால் மெக்டொனால்ட் வானாய்வகத்தின் இரவு நட்சத்திர நிகழ்ச்சிக்குப் போகலாம், டிக்கெட் முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டும். ஆய்வகம் 6,800 அடி உயரத்தில் இருக்கிறது, ஜூலையிலும் ஸ்வெட்டர் தேவைப்படும். குளத்துக்குப் போட்டுவந்த பருத்தித் துணியோடு அங்கே போய் நிற்காதீர்கள், ஸ்வெட்டரைக் காலையிலேயே காரில் போட்டுவிடுங்கள்.